காது கொடுக்காத சுரப்பி

தோல் மருத்துவரிடம் வாசகர்கள் கேட்டவை

கேள்வி: டாக்டர், என் மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். ஒரு வருடமாக அவன் நெற்றியிலும் மூக்கிலும் எண்ணெய் வழிகிறது. கன்னமெல்லாம் பரு. நாளைக்கு ஐந்தாறு தடவை சோப்புப் போட்டுக் கழுவுகிறான். அரை மணியில் மறுபடியும் மினுமினுப்பு வந்துவிடுகிறது. "கழுவக் கழுவ இன்னும் கூடத்தான்டா சுரக்கும்" என்று அவன் சிநேகிதன் பயமுறுத்துகிறான். என் மாமியாரோ, "தின்கிற பஜ்ஜி எண்ணெய்தான் முகத்தில் வடிகிறது, தலைக்கு எண்ணெய் வைக்காமல் உடம்பில் சூடு ஏறிவிட்டது" என்கிறார். எனக்கு வயது 48. என் முகம் வறண்டு தோல் இழுக்கிறது. ஒரே வீட்டில் ஒருவருக்கு வழிகிறது, ஒருவருக்கு வறள்கிறது, ஏன்? இந்த எண்ணெய் உடம்புக்கு எதற்குத்தான் வேண்டும்? ஒரேயடியாக நிறுத்திவிட முடியாதா?
— ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: உங்கள் வீட்டில் மூன்று கட்சிகள் இருக்கின்றன. மகன் சோப்பை நம்புகிறான். சிநேகிதன் சோப்பைக் குற்றம் சொல்கிறான். மாமியார் பஜ்ஜியைக் குற்றம் சொல்கிறார். ஆனால் ஒரு விஷயத்தில் மூவரும் கூட்டணி: தோலின் மேலே நாம் செய்வதையும், வாய் வழியாகப் போகும் எண்ணெயையும் பார்த்துத் தோலின் எண்ணெய்ச் சுரப்பி தன் வேலையைக் கூட்டிக் குறைக்கும் என்று நினைக்கிறார்கள். அந்தச் சுரப்பி மேலே நடக்கிற எதற்கும் காது கொடுப்பதில்லை. இரத்தத்தில் வந்து சேரும் ஹார்மோன்களின் பேச்சைத்தான் அது கேட்கும். இதைப் பிடித்துக்கொண்டால் உங்கள் கேள்விகளில் பாதிக்கு மேல் அவிழ்ந்துவிடும்.

சுரப்பி எங்கே இருக்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். மயிர்க்காலின் பக்கவாட்டில், ஒரு சின்னத் திராட்சைக் கொத்தைப் போல ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன் வாய் பெரும்பாலும் நேராக வெளியே திறப்பதில்லை, மயிர்க்குழிக்குள் திறக்கிறது. முடி வெளியே வரும் வழிதான் எண்ணெய்க்கும் வழி. மூக்கில் ஏது முடி என்று கேட்கலாம். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத பூனைமுடி அங்கே உண்டு. முகத்தில் பல இடங்களில் முடி பொடியாகவும் அதோடு ஒட்டிய சுரப்பி பெரிதாகவும் இருக்கும். முகத்திலும் தலையிலும் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 400 முதல் 900 சுரப்பிகள் வரை உண்டு. உடம்பின் மற்ற இடங்களில் 100க்கும் குறைவு. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் ஒன்றுகூடக் கிடையாது. செல்போன் திரையில் படிகிறதே விரல் ரேகை, அதில் உள்ள எண்ணெய் விரலில் ஊறியதல்ல. முகத்தையும் தலைமுடியையும் தொட்டுத் தொட்டு விரல் எடுத்து வந்தது.

வியர்வைச் சுரப்பியின் செல்கள் தங்களைக் காப்பாற்றிக்கொண்டு நீரை மட்டும் வெளியே அனுப்புகின்றன. எண்ணெய்ச் சுரப்பியின் கதை வேறு. அதன் ஓரத்தில் பிறக்கும் செல் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டே நடுப்பக்கம் நகர்கிறது. பருத்து, உட்கருவை இழந்து, கடைசியில் உடைந்து சாகிறது. அந்தச் செத்த செல்லின் மொத்தச் சரக்கும்தான் சீபம் என்று நாங்கள் சொல்லும் எண்ணெய். பிறப்பிலிருந்து உடைவது வரை இரண்டு மூன்று வாரம் ஆகும். இன்று காலை உங்கள் மகன் கழுவித் தள்ளிய எண்ணெய், வாரக்கணக்குக்கு முன்பே தயாரிப்பில் இறங்கியது. இன்றைய சோப்புக்கு அது இன்றே பதில் சொல்ல வழியில்லை.

அப்படியானால் அரை மணியில் எப்படி மினுமினுக்கிறது? மயிர்க்குழிக்குள் எண்ணெய் ஏற்கெனவே தேங்கி நிற்கிறது. கழுவும்போது மேற்பரப்பு மட்டும்தான் சுத்தமாகிறது. குழிக்குள் இருப்பது மெல்ல ஏறி வந்து மறுபடி பரவுகிறது. புதிதாக எதுவும் சுரந்துவிடவில்லை.

சிநேகிதன் சொன்னதை விளையாட்டுப் பேச்சாகத் தள்ளிவிட முடியாது. ஒரு காலத்தில் மருத்துவர்களுக்கே அந்த எண்ணம் இருந்தது. மேலே எண்ணெய்ப் படலம் ஓர் அளவுக்கு வந்ததும் அதன் எதிர் அழுத்தத்தால் சுரப்பு நிற்கும், துடைத்துவிட்டால் மறுபடி தொடங்கும் என்றார்கள். அமெரிக்காவில் ஆல்பர்ட் கிளிக்மனும் வால்டர் ஷெல்லியும் 1958இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கருத்தை உதறியது. துடைத்தாலும் விட்டாலும் சுரப்பி அதே நிதானத்தில் வேலை செய்துகொண்டிருக்கிறது என்று காட்டினார்கள். (ஃபிலடெல்ஃபியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் கைதிகள்மீது நடத்திய சோதனைகளுக்காகத் தீராத கெட்ட பெயர் வாங்கியவர் இதே கிளிக்மன். தோல் மருத்துவத்தின் வரலாற்றைச் சொல்லும்போது அந்தப் பெயரைத் தவிர்க்கவும் முடியாது, சங்கடமில்லாமல் சொல்லவும் முடியாது.)

காரணம் தப்பென்றாலும் சிநேகிதன் சொன்ன புத்தி சரி. அதிகம் கழுவக் கூடாது. சாதாரண சோப்புக் கட்டி காரத்தன்மை உடையது. அதன் பிஎச் 9, 10 என்று இருக்கும். நம் தோலின் மேற்பரப்போ 5க்குப் பக்கத்தில், லேசான அமிலத்தில் இருக்கிறது. நாளைக்கு ஆறு முறை சோப்புப் பட்டால், சீபத்தோடு சேர்ந்து தோலின் சொந்தப் பாதுகாப்புப் படலமும் கரைகிறது. அப்புறம் முகம் ஒரே நேரத்தில் எண்ணெயாகவும் இருக்கும், எரியவும் செய்யும். நான் எழுதித் தரும் பரு மருந்தைத் தடவினால் "தீயாய் எரிகிறது டாக்டர்" என்று மூன்றாம் நாளே நிறுத்திவிடுவார்கள். சோப்பில்லாத மிதமான ஃபேஸ்வாஷ், காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை போதும். விளையாடி வியர்த்து வந்தால் இன்னொரு முறை வெறும் தண்ணீர்.

இனி ஹார்மோன். ஆண்ட்ரோஜன் என்று சொல்லப்படும் ஆண்பால் ஹார்மோன்கள்தான் இந்தச் சுரப்பிக்கு எஜமானர்கள். அவை பெண்களின் உடம்பிலும் உண்டு; சினைப்பையும் அட்ரினல் சுரப்பியும் தருகின்றன. இரத்தத்தில் வரும் ஆண்ட்ரோஜனை எண்ணெய்ச் சுரப்பி தன் சொந்த நொதியால் இன்னும் வீரியமான வடிவத்துக்கு மாற்றிக்கொள்கிறது. அதனால்தான் இரத்தப் பரிசோதனையில் ஹார்மோன் அளவு சரியாக இருக்கும் பையனுக்கும் முகம் நிறையப் பரு வருகிறது. பருவம் வருவதற்கு முன்பே விதைநீக்கம் செய்யப்பட்ட ஆண்களுக்குப் பரு வருவதில்லை, அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தால் வருகிறது என்று ஜேம்ஸ் ஹாமில்டன் 1941இலேயே எழுதி வைத்தார்.

இந்த எஜமானின் வரவு செலவைப் பார்த்தால் ஒரு மனிதரின் வயதையே சொல்லிவிடலாம். பிறந்த குழந்தைக்குச் சுரப்பிகள் கொஞ்சம் விழித்திருக்கும். சில மாதத்தில் தூங்கிவிடும். ஏழெட்டு வயதில் அட்ரினல் மெல்ல எழுப்பும். வாலிபத்தில் முழு வேகம். ஆண்களுக்கு அந்த வேகம் முதுமை வரை பெரிதாகத் தணிவதில்லை. பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் காலத்தைத் தாண்டியபின் படிப்படியாக இறங்குகிறது. சுரப்பிகளின் எண்ணிக்கை இதில் எதற்கும் கூடுவதோ குறைவதோ பெரிதாக இல்லை. அளவும் உழைப்பும்தான் மாறுகின்றன. நீங்களும் உங்கள் மகனும் இந்த வரிசையில் வெவ்வேறு இடங்களில் நிற்கிறீர்கள், அவ்வளவுதான்.

ஆனால் உங்கள் வறட்சிக்கு எண்ணெய் குறைந்ததைக் காரணம் சொல்லிவிட முடியாது. சுரப்பிகள் இன்னும் தூங்கும் வயதுக் குழந்தையின் கன்னத்தைத் தொட்டுப் பாருங்கள். அங்கே சீபம் ஏறக்குறைய இல்லை. வறட்சியும் இல்லை. தோலின் ஈரத்தைப் பிடித்து வைப்பது மேல்தோல் செல்களே தயாரிக்கும் வேறொரு கொழுப்புக் கூட்டம்: செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள். வயது ஏற ஏற அது மெலிகிறது. சோப்பும் வெந்நீரும் அதை இன்னும் அரிக்கின்றன. நீங்கள் குளித்த ஈரம் காய்வதற்குள் கிளிசரினோ செராமைடோ உள்ள மாய்ஸ்சரைசரைத் தடவிக்கொள்ளுங்கள். முகத்துக்கு மகனுடைய சோப்பைத் தொடாதீர்கள்.

எண்ணெய் எதற்குத்தான் வேண்டும் என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி; ஆராய்ச்சியாளர்களே அடித்துக்கொண்ட கேள்வி. ஆட்டுக்கு இதன் பயன் வெளிப்படை. அதன் கம்பளியை மழையில் ஊறாமல் காப்பது இந்தச் சுரப்பியின் சரக்குதான். கம்பளியை அலசும்போது பிரித்தெடுத்து, லானோலின் என்று உதட்டுக் களிம்புகளில் போடுகிறோம். வாத்து அலகால் வாலடியைத் தொட்டுத் தொட்டு இறகில் பூசிக்கொள்வதும் இதே வகைச் சுரப்பியின் எண்ணெயை. மனிதனுக்கோ ரோமமும் இல்லை, இறகும் இல்லை. 1963இல் கிளிக்மன், சீபத்தால் மனிதனுக்கு எந்தப் பயனும் இல்லை என்று ஒரு கட்டுரையே எழுதினார். குழந்தைத் தோலை வைத்து நான் சொன்ன வாதம் அவர் கட்சிக்குச் சாதகமானது.

அதற்குப் பிறகு கிடைத்த சான்றுகள் மறுபக்கம் சாய்கின்றன. வைட்டமின் ஈயை முகத்தோலுக்கு மேலே கொண்டுவந்து சேர்க்கும் முக்கியமான வாகனம் சீபம். அதில் சேப்பியனிக் அமிலம் என்ற ஒரு கொழுப்பு அமிலம் இருக்கிறது. மனிதத் தோலுக்கே உரிய இது சீழ் பிடிக்க வைக்கும் சில கிருமிகளை அடக்கும். எண்ணெய்ச் சுரப்பி குறைபட்ட எலிகளின் தோல் வறண்டே இருந்தது. எண்ணெயைப் பூசியபோது சரியாகவில்லை, கிளிசராலைப் பூசியபோது சரியானது. சீபத்தின் கொழுப்பு உடையும்போது கிடைக்கும் கிளிசரால்தான் ஈரத்துக்கு உதவுகிறது என்பது அதிலிருந்து தெரிந்தது. என் அபிப்பிராயத்தைக் கேட்டால், உயிரைக் காக்கும் பொருள் என்று இதைக் கொண்டாட மாட்டேன். வெறும் அழுக்கு என்று விரட்டவும் மாட்டேன். உடம்பு முழுக்கச் சேர்த்தாலும் நாளைக்கு ஓரிரு கிராம்தான். அதற்குப் போய் ஒரு பையன் கண்ணாடி முன்னால் அழுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மாமியாரிடம் இரண்டு செய்தி சொல்லுங்கள். பஜ்ஜியின் எண்ணெய் குடலில் செரித்துப் போகிறது. அது முகத்துக்கு ஏறி வருவதில்லை. ஆனால் உணவுக்கும் பருவுக்கும் சம்பந்தமே இல்லை என்று நாங்கள் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்த காலமும் போய்விட்டது. ஆஸ்திரேலியாவில் பரு உள்ள இளைஞர்களுக்கு 12 வாரம், சர்க்கரையைச் சட்டென்று ஏற்றாத உணவாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 2007இல் வெளியான அந்த ஆய்வில் அவர்களுக்குப் பரு கூடுதலாகக் குறைந்தது. இன்சுலின் ஏறும்போது ஆண்ட்ரோஜனின் கை ஓங்குகிறது என்பதுதான் விளக்கம். ஆகவே பஜ்ஜியில் சந்தேகப்பட வேண்டியது எண்ணெயை அல்ல. அதோடு சேர்த்துக் குடிக்கும் கலர் பாட்டிலையும், அதற்கு முன்னால் தின்ற மைதா பரோட்டாவையும். பாலைப் பற்றியும் ஓரளவு சந்தேகம் உண்டு. மகன் ஜிம்முக்குப் போய் வே புரோட்டீன் பவுடர் குடிக்கிறானா என்று விசாரியுங்கள். அதைத் தொடங்கிய சில வாரங்களில் முதுகெல்லாம் பருவோடு வருகிற பையன்களை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

சூடு என்று அவர் சொன்னதில் தற்செயலாக ஓர் உண்மை இருக்கிறது. தோலின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் சீபம் வெளிவருவது சுமார் 10 சதவீதம் கூடுகிறது என்று அளந்திருக்கிறார்கள். வெப்பத்தில் எண்ணெய் இளகி ஓடுகிறது. உங்கள் ஊர் சித்திரை வெயிலில் முகம் வழிவதில் அதிசயமில்லை. அதற்குத் தலைக்கு எண்ணெய் வைப்பது பரிகாரமாகாது. வைத்த எண்ணெய் நெற்றிக்கு இறங்கினால், முடி தொடங்கும் ஓரத்தில் பொடிப்பொடியாய்ப் பரு அணிவகுக்கும். தீபாவளி எண்ணெய்க் குளியலை நான் தடுக்கவில்லை. சீயக்காய் போட்டு அலசி, நெற்றியையும் சேர்த்துக் கழுவச் சொல்லுங்கள்.

இப்போது பரு. எண்ணெய் மட்டும் இருந்தால் பரு வராது. மயிர்க்குழியின் வாயில் உதிர வேண்டிய செத்த செல்கள் உதிராமல் ஒட்டிக்கொண்டு அடைக்கின்றன. உள்ளே எண்ணெய் தேங்குகிறது. அங்கேயே குடியிருக்கும் க்யூட்டிபாக்டீரியம் ஆக்னிஸ் என்ற பாக்டீரியா அந்த எண்ணெயைத் தின்று பெருகுகிறது. உடம்பு சண்டைக்கு வருகிறது. சிவந்து, வீங்கி, சீழ் கட்டுகிறது. அடைப்பின் வாய் திறந்திருந்தால் அதன் நுனி கறுத்துப் போகும். அந்தக் கறுப்பு அழுக்கல்ல, தேய்த்தால் போகாது. தோலின் சொந்த நிறமியும், காற்று பட்டு மாறிய கொழுப்பும்தான் அது.

ஆகவே வைத்தியம் எண்ணெயைத் துரத்துவதல்ல, குழியின் வாயைத் திறந்து வைப்பது. இரவில் அடாபலீன் ஜெல்லைப் பட்டாணி அளவு எடுத்து, பரு உள்ள பகுதி முழுக்க மெல்லியதாகப் பூச வேண்டும். பருவின் தலையில் மட்டும் புள்ளி வைப்பதில் பயனில்லை. காலையில் பென்சாயில் பெராக்ஸைடு, 2.5 சதவீதம் போதும். அது 10 சதவீதத்துக்கு ஈடாகவே வேலை செய்யும், எரிச்சல் குறைவு. துண்டையும் தலையணை உறையையும் வெளுத்துவிடும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைத் திட்டாதீர்கள். முதல் சில வாரம் தோல் உரியும், பரு கூடினாற்போலவும் தெரியும். எட்டு முதல் பன்னிரண்டு வாரம் பொறுக்க வேண்டும். இரண்டு வாரத்தில் மருந்தை மாற்றிக்கொண்டே இருப்பவருக்கு எந்த மருந்தும் வேலை செய்யாது. மருந்தைத் தொடங்கும் முன் ஒருமுறை தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

ஒரேயடியாக நிறுத்த வழி உண்டா என்றால், ஏறக்குறைய உண்டு. ஐசோட்ரெடினாயின் என்ற மாத்திரை 1982இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சுரப்பியையே சுருக்கி, சீபத்தை 90 சதவீதம் வரை குறைத்துவிடும். உதடு வெடிக்கும், கண் உலரும், இரத்தப் பரிசோதனை வேண்டும். கருவில் இருக்கும் குழந்தைக்குக் கடுமையான ஊனத்தை உண்டாக்கும். அதனால் பெண்கள் அதைச் சாப்பிடும் காலத்திலும் நிறுத்தி ஒரு மாதம் வரையும் கருத்தரிக்கவே கூடாது. ஆணோ பெண்ணோ, அந்தக் காலத்தில் இரத்த தானமும் கூடாது. தழும்பு விழும் அளவுக்குக் கட்டி கட்டியாய் வரும் பருவுக்கு இது அருமருந்து. உங்கள் மகனுக்குத் தேவைப்படுமா என்பதை முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். தேவைப்பட்டால் பயப்பட வேண்டாம். ஆனால் "தம்பிக்கு நல்லா கேட்டுச்சு" என்று அதே அட்டையை அக்காவுக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

இன்னொன்று. மருந்துக்கடையில் "பருவுக்கு ஒரு க்ரீம் கொடுங்க" என்று கேட்டு வாங்குவது நம் ஊரில் பெரிய வியாதியாகிவிட்டது. அப்படிக் கைக்கு வரும் டியூபில் பல நேரம் வீரியமான ஸ்டீராய்டு இருக்கும். ஒரு வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகும். சில மாதத்தில் தோல் மெலிந்து, சிவந்து, முன்னைவிட மோசமான பரு வரும். நிறுத்தினால் எரியும் என்பதால் நிறுத்தவும் முடியாது. என்னிடம் வருபவர்களில் பருவைவிட இந்தக் க்ரீமால் வந்த சேதத்தைச் சரிசெய்வதுதான் நீண்ட வேலையாக இருக்கிறது.

கேள்வி: எனக்கு வயது 24. தலையில் பொடுகு விடவே மாட்டேன் என்கிறது. "தலை காய்ந்து போய்தான் செதில் உதிர்கிறது, தேங்காய் எண்ணெய் நன்றாக வை" என்று அம்மா சொல்கிறார். வைத்த அன்று பொடுகு குறைந்தது போல் தெரிகிறது. இரண்டு நாளில் பழையபடி. என்ன செய்வது டாக்டர்?
— ஒரு வாசகர், ஈரோடு

பதில்: செதிலைப் பார்த்தால் வறட்சி என்றுதான் யாருக்கும் தோன்றும். அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் தலை காயவில்லை, அங்கே ஒரு பந்தி நடக்கிறது. மலசீசியா என்ற ஈஸ்ட் நம் எல்லோர் தலையிலும் குடியிருக்கிறது. தனக்கு வேண்டிய கொழுப்பு அமிலத்தைத் தானே தயாரிக்கத் தெரியாத உயிர் அது. சீபத்தை உடைத்துத்தான் பிழைக்கிறது. தின்று மீதி வைக்கும் ஒலியிக் அமிலம் சிலருடைய தலைத்தோலை உறுத்தும். உறுத்தப்பட்ட தோல் அவசர அவசரமாகச் செல்களை உதிர்க்கும். அதுதான் பொடுகு. சுரப்பிகள் விழித்திருக்கும் வயதுகளில், அதாவது பிறந்த சில மாதங்களிலும் வாலிபத்துக்குப் பிறகும், இது வருவதற்கு அதுவே காரணம்.

ஆய்வுக்கூடத்தில் இந்த ஈஸ்ட்டை வளர்க்க, வளர்தட்டின் மேல் ஆலிவ் எண்ணெயை ஊற்றுவது பழைய வழக்கம். நம் வீட்டுத் தேங்காய் எண்ணெயில் இருக்கும் கொழுப்பு அமிலங்களில் பெரும்பகுதியும் இதற்குச் செரிக்கும். எண்ணெய் வைத்த அன்று செதில் தலையோடு ஒட்டிக்கொள்வதால் குறைந்தது போலத் தெரிகிறது. உண்மையில் விருந்து வைத்திருக்கிறீர்கள்.

கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்புவை வாரம் இரண்டு முறை, நான்கு வாரம் போடுங்கள். முடியில் அல்ல, தலைத்தோலில் படவேண்டும். நுரை வந்ததும் அலசிவிடாமல் மூன்று முதல் ஐந்து நிமிடம் விடுங்கள். இந்த ஐந்து நிமிடத்தைத்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். பொடுகு அடங்கிய பிறகு வாரம் ஒருமுறையோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ போட்டு வந்தால் திரும்பாமல் இருக்கும். ஈஸ்ட்டை ஒழிக்க முடியாது. அடக்கித்தான் வைக்க முடியும். எண்ணெய் வேண்டுமென்றால் குளிப்பதற்கு ஒரு மணி முன்னால் முடி நுனிகளுக்கு வைத்து அலசிவிடுங்கள்.

கேள்வி: என் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பேத்தியின் உடம்பெல்லாம் வெள்ளையாகப் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. அந்தக் காலத்தில் பிறந்த உடனே வெந்நீரில் குளிப்பாட்டித் துடைத்துவிடுவோம். நர்ஸ் அம்மா, "இருக்கட்டும், துடைக்காதீங்க" என்று சொல்லிவிட்டார். இப்போது மூன்று வாரம். மூக்கின் மேல் வெள்ளைப் பொடிகள், கன்னத்தில் பரு மாதிரி. துடைக்காமல் விட்டதால் வந்ததா?
— ஒரு பாட்டி, மயிலாடுதுறை

பதில்: அம்மா, அந்த நர்ஸுக்கு ஒரு கும்பிடு போடுங்கள். கருவில் இருக்கும்போதே குழந்தையின் எண்ணெய்ச் சுரப்பிகள் வேலையைத் தொடங்கிவிடுகின்றன. அந்த எண்ணெயும், உதிர்ந்த செல்களும், ஏறக்குறைய 80 சதவீதம் தண்ணீரும் சேர்ந்ததுதான் அந்தப் பிசுபிசுப்பு. பனிக்குட நீரில் மாதக்கணக்கில் கிடக்கும் தோல் ஊறிப் போகாமல் காத்தது அது. பிறந்த பிறகும் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. கிருமிகளை எதிர்க்கும் பொருள்களும் அதில் உண்டு. முதல் குளியலை 24 மணி நேரத்துக்குத் தள்ளிப் போடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. குழந்தை குளிர்ந்து போகாமல் இருக்கவும் அது நல்லது.

மூக்கின் மேல் தெரிவதும் கன்னத்துப் பொடிப் பருவும் அதனால் வந்தவையல்ல. தாயிடமிருந்து வந்த ஹார்மோனும் குழந்தையின் சொந்த அட்ரினலும் சுரப்பிகளை உசுப்பியிருக்கின்றன. சில வாரங்களில், அதிகம் போனால் சில மாதங்களில், தானே அடங்கிவிடும். கிள்ள வேண்டாம், பயத்தமாவு போட்டுத் தேய்க்க வேண்டாம், முகத்துக்கு எண்ணெய் வேண்டாம். உடம்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவி மெதுவாக நீவிவிடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

கேள்வி: ஐடி கம்பெனியில் வேலை. நாள் முழுக்கக் கம்ப்யூட்டர். ஆறு மாதத்தில் மூன்றாவது முறையாகக் கண்கட்டி வந்திருக்கிறது. பாட்டி நாமக்கட்டி உரைத்துப் போடச் சொல்கிறார். இதற்கும் தோல் டாக்டருக்கும் சம்பந்தம் உண்டா?
— ஒரு வாசகி, சென்னை

பதில்: உண்டு. உங்கள் இமைக்குள்ளும் எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. மேல் இமையில் 25 முதல் 40, கீழ் இமையில் 20 முதல் 30. ஹைன்ரிக் மெய்போம் என்ற ஜெர்மன் மருத்துவர் 1666இல் விரிவாக எழுதியதால் அவர் பெயரால் மெய்போமியன் சுரப்பிகள் என்கிறோம். கண்ணீர் ஆவியாகிவிடாமல் அதன் மேல் ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் விரிப்பது இவற்றின் வேலை. இமைக்கும்போதெல்லாம் அந்த எண்ணெய் கொஞ்சம் பிதுங்கி வரும். திரையை உற்றுப் பார்க்கும்போது நாம் இமைப்பது குறைகிறது. எண்ணெய் உள்ளேயே கெட்டிப்பட்டு அடைக்கிறது. வலியில்லாமல் உருண்டையாக நிற்கும் கட்டி பெரும்பாலும் இந்த அடைப்புதான். வலித்துச் சிவந்து வருவது, இங்கேயோ இமைமுடியை ஒட்டிய சுரப்பியிலோ கிருமி புகுந்தது.

நாமக்கட்டி குளிர்ச்சி தரும். உங்களுக்கு வேண்டியது சூடு. சுத்தமான துணியை, கை பொறுக்கும் வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய இமைமேல் ஐந்து முதல் பத்து நிமிடம் வையுங்கள். நாளைக்கு மூன்று நான்கு முறை. கெட்டிப்பட்ட எண்ணெய் இளகும். பிறகு இமை ஓரத்தை நோக்கி மெல்ல நீவிவிடுங்கள். பிதுக்காதீர்கள். நாமக்கட்டித் துகள் கண்ணுக்குள் விழுந்தால் அது வேறு தொல்லை.

உங்கள் வயதுக்கு இது போதும். ஆனால் பாட்டிக்கோ தாத்தாவுக்கோ ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கட்டி வந்தால், அல்லது அந்த இடத்தில் இமைமுடி உதிர்ந்தால், ஒத்தடத்தோடு நிற்காமல் கண் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். எண்ணெய்ச் சுரப்பியில் வரும் புற்றுநோய் மேலைநாடுகளில் அரிது. நம் நாட்டு இமைப் புற்றுகளில் அதற்குக் கணிசமான பங்கு உண்டு. பார்வைக்கு அது சாதாரணக் கண்கட்டி போலவே இருக்கும். சின்னத் துண்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் தெரியும்.